காசி அழகுதான், ஆனால் கொல்கத்தா!

கேமராவும் கையுமாக அலைய இந்தியாவில் ஒரே ஒரு பழைய நகரத்தைச் சொல் என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேர் காசி என்பார்கள். நான் கொல்கத்தா என்பேன். நானும் காசிப் பைத்தியம்தான், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் கொல்கத்தாதான். நண்பர்கள் அடிக்க வருகிறார்கள். வரட்டும்.

காசியின் பெருமையை முதலில் பேசிவிடலாம். கங்கை அங்கே வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில்; எதிர்க்கரையில் வெறும் மணல்திட்டு. கிழக்கே மறைக்க ஒரு கட்டடம்கூட இல்லாததால், எழுகிற சூரியன் நேராகப் படித்துறைகளின் முகத்தில் விழுகிறது. அஸ்ஸியில் தொடங்கி ராஜ்காட் தாண்டியும் 80க்கு மேற்பட்ட படித்துறைகள், அத்தனைக்கும் ஒரே நேரத்தில் ஒரே விளக்கு! படகில் உட்கார்ந்து பார்த்தால் தர்பங்கா அரண்மனையின் மணற்கல் சுவர் கண்ணெதிரிலேயே நிறம் மாறும். கேதார் காட்டில் காவியும் வெள்ளையும் பட்டை அடித்த கோயில் சுவர், படிகளில் ஈர வேட்டிகள், காதில் விழும் தமிழ். குமாரசாமி மடம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்து அனுமன் காட் பகுதியில்தான் இளவயது பாரதி அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். ஜனவரி மூடுபனியில் போனால் பின்னணி மொத்தமும் அழிந்து, படகும் பறவையும் மட்டும் மிஞ்சும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினால் போதும், ஃபிரேம் தானாகவே அமைந்துவிடும்.

தானாக அமைந்துவிடுகிறதே, அதுதான் எனக்கு உறுத்தல். படகு, பறவை, சாமியார். சாமியார், பறவை, படகு. யார் போனாலும் இதே படத்தோடுதான் திரும்புகிறார்கள். சில சாமியார்கள் படத்துக்கென்றே உட்கார்ந்திருக்கிறார்கள். காசைக் கையில் வைத்தால் தாடியை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். நம்மைவிட அவர்களுக்குக் கோணம் நன்றாகத் தெரியும்.

கொல்கத்தாவில் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அதன் சந்துகளைத் தள்ளி நின்று எடுக்க வழியில்லை. கூட்டத்துக்குள் போய் நின்றாக வேண்டும். ஆனால் போய் நின்றால், அடடா!

சாமி சிலைகள் செய்யும் குமார்டுலிக்குப் போங்கள். ஷோபாபஜார் மெட்ரோவில் இறங்கி நடந்தால் பனமாலி சர்க்கார் தெரு. துர்கா பூஜைக்கு முந்தைய மாதங்களில் அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். இருபுறமும் தலையில்லாத துர்கைகள் வரிசையாக நிற்பார்கள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடம்பு செய்கிறார்கள். அதன்மேல் உமி கலந்த முதல் மண் பூச்சு, அது காய்ந்து வெடித்ததும் இழைத்த கங்கை மண். தலையைத் தனியே அச்சில் எடுத்து, பிறகு கழுத்தில் பொருத்துகிறார்கள். ஒரு கைவினைஞர் அந்த இணைப்பில் சேற்றில் தோய்த்த துணிக்கீற்றைச் சுற்றி, கட்டைவிரலால் நீவி நீவிக் கோடு தெரியாமல் ஆக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டைவிரலை மட்டும் எத்தனை படம் எடுத்தேனோ! பட்டறைக்குத் தெருப்பக்கம் மட்டுமே திறப்பு. வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வழிந்து வந்து, உள்ளே போகப் போக இருட்டில் கரைகிறது. ஈரமான மண்ணில் அந்த வெளிச்சம் படும்போது வரும் மினுமினுப்புக்கு ஃபிளாஷே வேண்டாம். 35 எம்எம் லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, அவ்வளவுதான்.

அங்கிருந்து தெற்கே சித்பூர் சாலையில் இறங்கினால் ஒவ்வொரு பத்தடிக்கும் நிற்க வேண்டியிருக்கும். பச்சை வர்ணம் உரிந்த மரச் சட்ட ஜன்னல்கள், பழைய மாளிகைத் தூண்களுக்கு நடுவே காயும் புடவைகள், வாசல் திண்ணையில் செய்தித்தாளும் மண் குவளையில் டீயுமாக வாய் ஓயாத அரட்டை. நடைபாதைக் குழாயில் பொங்கும் கங்கைத் தண்ணீரில் சோப்பு நுரையோடு ஒருவர் குளிக்க, அரை அடி தள்ளி இன்னொருவர் சவரம் செய்துகொள்வார். முகம் சுளிக்க மாட்டார்கள். பாதிப் பேர் நமக்கே டீ சொல்வார்கள்.

ஹவுரா பாலத்தைத் தபால்தலைப் படம் போல எடுக்காதீர்கள். 1943இல் திறந்த அந்த இரும்புப் பிரம்மாண்டம் அடியில் நின்று பார்த்தால்தான் அழகு. அங்கே இருப்பது மல்லிக் காட் பூச்சந்தை. மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சாமந்திச் சரங்களைப் பாம்புச் சுருளாகத் தலையில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் ஓடுவார்கள். ஷட்டரை 1/15க்கு இறக்குங்கள். மனிதர்கள் கலங்கிப்போய், பாலம் மட்டும் அசையாமல் நிற்கும். கறுப்பு வெள்ளைக்காரனான நானே அங்கே வண்ணத்துக்கு மாறிவிட்டேன்!

காசி ரசிகர்களுக்கு ஒரு தகவல். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956இல் வந்தது. அதில் வரும் காசி வீட்டு முற்றம் கொல்கத்தா ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். மழைக்குப் பயந்து உள்ளே போட்டார்கள். முற்றத்தில் நிழல் விழாமல் இறங்கும் வான வெளிச்சத்துக்கு எங்கே போவது? ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்தார். திரும்பி இறங்கிய வெளிச்சம் காசி வெளிச்சம்! நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷைக் கூரைப் பக்கம் திருப்பி அடிக்கிறார்களே, அதே சூத்திரம். வெளிச்சத்தை இரவல் கொடுத்தது காசி. அதை உண்டாக்கக் கற்றுக்கொண்டது கொல்கத்தா. என் கட்சி எதுவென்று சொல்லவும் வேண்டுமா?

காசியையும் விட்டுவிடாதீர்கள், ஹவுராவில் இரவு ரயில் ஏறினால் போதும். மணிகர்ணிகாவிலும் அரிச்சந்திர காட்டிலும் மட்டும் கேமரா பைக்குள் இருக்கட்டும். அடுத்தவர் வீட்டு இழவு நமக்குப் படமில்லை. ஆனால் முதல் டிக்கெட் கொல்கத்தாவுக்கு எடுங்கள், அதையும் சீக்கிரம் எடுங்கள். மஞ்சள் டாக்சியாக ஓடும் அம்பாசடர் காரின் உற்பத்தி 2014லேயே நின்றுவிட்டது. 1873இல் குதிரை இழுக்கத் தொடங்கிய டிராமுக்கு இன்று தடங்கள் மிகச் சிலவே மிச்சம். மைதானப் பகுதியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு 2024இல் அறிவித்திருக்கிறது.