வாத்தியாரும் பேராசிரியரும்

தமிழில் 'வாத்தியார்' என்னும் சொல்லுக்கு இரு வீடுகள் உண்டு. பள்ளியில் பாடஞ் சொல்பவர் வாத்தியார். தெருக்கூத்திலும் நாடகக் கம்பெனியிலும் ஆட்டமும் பாட்டும் வசனமும் பழக்குபவரும் வாத்தியாரே. மட்டக்களப்பில் கூத்துப் பழக்குபவரை அண்ணாவியார் என்பர்; அச்சொல்லும் ஆசானையே குறிக்கும். ஆனால் 'பேராசிரியர்' என்ற சொல் பல்கலைக்கழக வாயிலுக்கு வெளியே வருவதில்லை. ஒரே தொழிலின் இரு கூறுகளான இவ்விருவரும் ஒருவராக முடியுமா? முடியுமெனின், அவ்வாழ்வில் கலை பெறுவது யாது, இழப்பது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழந்தமிழ் மரபில் இவ்வினா எழுந்ததில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலைச் சொல்வதற்கு முன் ஆடலாசிரியனின் அமைதியைச் சொல்கிறது. இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என ஆசான்களை வரிசையாக நிறுத்துகிறது. ஏழாண்டுப் பயிற்சிக்குப் பின்னரே பன்னிரண்டு வயது மாதவி அரங்கேறுகிறாள். ஆடத் தெரிந்தவனே ஆட்டம் கற்பிப்பவன் என்பது இளங்கோவடிகளுக்கு ஐயத்திற்கு இடமில்லாத செய்தி.

பிளவு பின்னாளில் நேர்ந்தது. கல்லூரிகள் தோன்றிய காலத்தில் நாடகம் இரண்டாகப் பிரிந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அது படிப்பதற்குரிய நாடகமாகவே நம்மிடையே நிலைபெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் சூரியநாராயண சாஸ்திரியார் நாடகத்துக்கு இலக்கணமாக நாடகவியலை யாத்தார். அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராகச் சென்று கம்பெனிப் பையன்களுக்கு வேடமும் பாட்டும் பழக்கிக்கொண்டிருந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பயின்ற சிறுவர்களுள் டி. கே. எஸ். சகோதரர்களும் இருந்தனர். இலக்கணம் கல்லூரியில், நடிப்பு கொட்டகையில் என்றாயிற்று. இடையே பாலமிட வெகுகாலம் எவருமிலர்.

இப்பிளவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாம் வாழும் கல்கத்தா நகரமும் இதனைக் கண்டது. அதனை இணைக்க முயன்ற மனிதர்களையும் கண்டது. அலிப்பூரில் பெல்வடேர் மாளிகையில் 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகத்தை நம்மவர் அறியாதார் இலர். அச்சேறிய நாடகங்களை அத்தகைய நூலகம் காத்துவைக்கும்; நடிப்பை எந்த நூலகமும் காத்துவைக்க இயலாது. அந்நூலகத்திற்கு அணித்தாக, அலிப்பூரை அடுத்த சேத்லாவில், அகீந்திர மஞ்சம் என்னும் நாடக அரங்கு இருக்கிறது. அப்பெயருக்குரிய அகீந்திர சௌதுரி யார் என்று நம் இளைஞரைக் கேட்டால் விடை சொல்வார் சிலரே. அவரைப் பற்றிப் பேசுமுன் அவர்க்கு மூத்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும்.

சிசிர்குமார் பாதுரி 1889இல் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, வித்யாசாகர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். தொழில்முறை நாடகமேடை அந்நாளில் கல்விமான்கள் அடியெடுத்து வைக்கக் கூசிய இடம். 1921இல் அவர் கல்லூரிப் பதவியைத் துறந்து அம்மேடை ஏறினார். முதல் வேடம், க்ஷீரோதப்பிரசாத வித்யாவினோதரின் 'ஆலம்கீர்' நாடகத்தில் ஔரங்கசீப். 1924இல் 'சீதா' அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. 1931இல் நியூயார்க்கிலும் அதனை மேடையேற்றினார். பின்னர்த் தாம் நடத்திய அரங்குக்கு அவர் இட்ட பெயர் நமக்கு இனிய வியப்பைத் தருவது: ஸ்ரீரங்கம். அவ்வரங்கு 1956இல் அவர் கையைவிட்டுப் போயிற்று. நாட்டுக்கென ஒரு தேசிய நாடகசாலை வேண்டும் என்பதே அவர்தம் நெடுநாள் வேட்கை. 1959இல் அரசு அளித்த பத்மபூஷண் விருதை ஏலாது விடுத்தார், அவ்வாண்டிலேயே மறைந்தார்.

அகீந்திர சௌதுரியின் பாதை இதற்கு எதிர்த்திசையில் சென்றது. 1923இல் ஸ்டார் அரங்கில் அபரேஷ் சந்திர முகோபாத்யாயரின் 'கர்ணார்ஜுன்' நாடகத்தில் அர்ச்சுனனாகத் தோன்றிப் பெயர் பெற்றார். அதன்பின் மூன்று பதிற்றாண்டுகள் மேடையிலும் திரையிலும் ஓயாது நடித்தார். துவிஜேந்திரலால் ராயின் 'ஷாஜகான்' நாடகத்தில் சிறைப்பட்ட முதுமன்னன் வேடமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட வேடம். 1950களில் மேற்கு வங்க அரசு நடனம், நாடகம், இசை ஆகியவற்றுக்கு ஒரு கலைக்கழகம் நிறுவியபோது நடனப் பிரிவுக்கு உதயசங்கரும் நாடகப் பிரிவுக்கு அகீந்திர சௌதுரியும் தலைமையேற்றனர். தாகூர் நூற்றாண்டை ஒட்டி 1962இல் இரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் தோன்றியபோது அக்கலைக்கழகம் அதனுள் அடங்கிற்று. கொட்டகையின் மனிதர் பல்கலைக்கழகத்தின் மனிதரானார். 1958இல் சங்கீத நாடக அகாதெமி விருதும் 1963இல் பத்மஸ்ரீயும் அவரை அடைந்தன. 1974இல் மறைந்தார்.

இருவரையும் அருகருகே வைத்து நோக்குவோம். ஒருவர் வகுப்பறையை விட்டு மேடைக்கு வந்தார்; மற்றவர் மேடையை விட்டு வகுப்பறைக்கு வந்தார். ஒரே வாயிலை இருவரும் எதிரெதிராகக் கடந்தனர். வங்க மக்கள் அவர்களுக்குச் சூட்டிய பட்டங்களைப் பாருங்கள். கற்பிக்கும் பதவியைத் துறந்த சிசிர்குமாருக்கு 'நாட்டியாசாரியர்' என்று பெயர்; கற்பிக்க வந்த அகீந்திரருக்கோ 'நடசூரியன்' என்று பெயர். ஆசிரியப் பதவியை விட்டவர் ஆசாரியராகவும், ஆசிரியப் பதவியை ஏற்றவர் நடிகராகவுமே மக்கள் நெஞ்சில் நின்றனர். இதனை முரண் என்று கடந்து போதல் தகாது. மக்கள் பதவியைப் பார்க்கவில்லை, பணியைப் பார்த்தனர். சிசிர்குமார் கல்லூரியை விட்டாரேயன்றிக் கற்பித்தலை விடவில்லை. நாடகத்தை முழுமையாகக் கண்டு, ஒவ்வொரு நடிகரையும் அம்முழுமையின் உறுப்பாக்கும் இயக்குநர் என்னும் எண்ணத்தை வங்க மேடையில் ஊன்றியவருள் அவர் முதல்வர். ஒத்திகையே அவருடைய வகுப்பறை.

ஆயின் அவ்வகுப்பறைக்குச் சுவரில்லை, கூரையுமில்லை. வாடகை தவறினால் மூடிப்போகும் பள்ளி அது. ஸ்ரீரங்கம் போனவுடன் அவர் கற்பித்த முறையும் தங்க இடமின்றி மாணவர் சிலரின் உடலிலும் நினைவிலும் மட்டுமே எஞ்சியது. தேசிய நாடகசாலை வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதன் உட்பொருள் இதுவே என்பது நமது துணிபு. தமக்கொரு மேடையை அவர் கேட்கவில்லை. தமக்குப் பின்னும் நிற்கும் பள்ளியையே கேட்டார்.

அகீந்திரருக்குச் சுவரும் கூரையும் கிடைத்தன. ஆனால் தொழில்முறை மேடையின் பொற்காலம் சாய்ந்து, தம் நடிப்பு வாழ்வும் நிறைவெய்தும் வேளையில் கிடைத்தன. நடித்துக்கொண்டிருப்பவனிடம் கற்பதும் நடித்து ஓய்ந்தவனிடம் கற்பதும் ஒன்றல்ல. முன்னவன் தவறு செய்வதையும் அதைத் திருத்துவதையும் மாணவன் கண்ணாற் காண்கிறான்; பின்னவனிடம் முடிவான அழகு மட்டுமே கதையாக வந்து சேர்கிறது. அவர்தம் தன்வரலாற்றுக்கு இட்ட தலைப்பின் பொருள் 'என்னை இழந்து தேடுகிறேன்' என்பது. நடிகனின் நிலைக்கு இதனினும் பொருத்தமான தொடர் அரிது. வேடத்தில் தன்னை இழப்பவனே நடிகன். ஆசிரியனுக்கோ இழத்தல் போதாது. எவ்விடத்தில் இழந்தேன், எவ்வாறு மீண்டேன் என்று பிறனுக்கு எடுத்துக் காட்டவும் வேண்டும். கொட்டகை நாட்களை ஏட்டில் எழுதிவைத்தவர் என்ற வகையில் அகீந்திரர் அத்தேடலைச் செய்தார். நடிகர் பலர் விட்டுச் சென்றது புகழ். அவர் புகழோடு ஓர் ஆவணமும் விட்டுச் சென்றார். நூலகம் காக்கவியலாத நடிப்பின் நிழலையேனும் நூலகத்துக்குள் கொணர்ந்த பணி அது.

இவ்விருவரும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ததை ஒருசேரச் செய்தவர் குமார் ராய். 1948இல் தோன்றிய பகுரூபி குழுவில் சம்பு மித்திரரோடு நடித்தவர். அவர் விலகியபின் அக்குழுவுக்கு இயக்குநராக விளங்கியவர். 'மிருச்சகடிகம்' முதலிய நாடகங்களை அளித்தவர். இரவீந்திர பாரதியில் நாடகம் கற்பித்தவரும் அவரே. பகலில் விளக்கியதை மாலையில் செய்து பார்க்கவும், மாலையில் பிழைத்ததை மறுநாள் ஆராயவும் அத்தகைய வாழ்வில் இடமுண்டு. மேடையும் வகுப்பறையும் ஒன்றையொன்று திருத்தும் நிலை இது. நாம் தேடும் இலக்கணத்துக்கு இதுவே அணுக்கமான இலக்கியம்.

இனி நம் தமிழுலகைக் காண்போம். பாலம் முதலில் இடப்பட்டது ஈழத்தில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், 1960களில் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்' ஆடப்பட்டது. அம்மாணவர்க்கு ஆட்டம் பழக்கியவர் பேராசிரியரல்லர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். பேராசிரியர் தம் எல்லையறிந்து அண்ணாவியார்க்கு இடங்கொடுத்த அந்நிகழ்ச்சியில்தான் வாத்தியாரும் பேராசிரியரும் ஓரரங்கில் நின்றனர். அக்கூத்துகளில் ஆடிய மாணவர் சி. மௌனகுரு. 'இராவணேசன்' கூத்தை எழுதியவர் அவர். மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பின்னர் அதே வந்தாறுமூலையில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியரானவர். பல்லாண்டு கழித்து 'இராவணேசனை'த் தம் மாணவரைக் கொண்டு புதுக்கி மேடையேற்றினார். அண்ணாவியாரின் ஊருக்கே பேராசிரியராகச் சென்று அவர் கலையை அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்தல் எளிதில் வாய்க்கும் பேறன்று.

தமிழகத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தோன்றியபின் நாடகத்துக்குத் தனித்துறை கிட்டிற்று. அங்குக் கற்பித்த சே. இராமானுஜம் தேசிய நாடகப் பள்ளியில் பயின்ற இயக்குநர். மு. இராமசாமியோ 1978இல் மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கியவர். தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர். 'கலகக்காரர் தோழர் பெரியார்' நாடகத்தில் பெரியாராகத் தாமே வேடமேற்றவர். வகுப்பில் விளக்கும் வாயே மேடையில் பேசும்போது, சொல்லுக்கு ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. குரல் எவ்வாறு எழ வேண்டும் என்று பகலில் சொன்னவரை மாலையில் மாணவர் முதல் வரிசையிலிருந்து அளப்பர். தேர்வுத்தாள் அளக்காத ஒன்றை அவர்கள் கண்கள் அளக்கும்.

நிறைவாக, நம்மைக் கவலைக்குள்ளாக்கும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அகீந்திரர் பல்கலைக்கழகத்துள் நுழைந்தது பட்டத்தின் பலத்தாலன்று. மேடையில் ஈட்டிய புகழின் பலத்தால். அன்று அக்கதவு திறந்திருந்தது. இன்று வாயிலில் பட்டமும் தகுதித் தேர்வும் காவல் நிற்கின்றன. நாடகத் துறைகள் பெருகியுள்ளன. ஆனால் புரிசையிலும் பிறவூர்களிலும் கூத்துப் பழக்கும் வாத்தியார்களுள் எத்தனைபேர் அத்துறைகளில் நிலையான இருக்கை பெறுவர்? ஒருநாள் விருந்தினராக அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புதல் மரியாதையாகலாம், கற்றலாகாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகப் பள்ளி தாங்கியிருப்பது பெருமையே. ஆயினும் அவரைப் போன்ற ஒருவர் இன்று விண்ணப்பித்தால் அப்பணிக்குரிய தகுதி உண்டா என்று வினவும் ஏற்பாடே எங்கும் நிலவுகிறது. பெயர் சுவரில் நிற்க, ஆள் வாயிலில் நிற்கும் நிலை இது.

ஆராய்ச்சி வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆராய்ச்சியில்லாத பயிற்சி, ஆசானின் முத்திரையை மட்டும் படியெடுக்கும். பயிற்சியில்லாத ஆராய்ச்சியோ, நீந்தத் தெரியாதவன் எழுதிய நீச்சல் நூலாகும். சிசிர்குமாருக்குப் பள்ளி கிடைக்கவில்லை. அகீந்திரருக்குக் காலம் தாழ்ந்து கிடைத்தது. குமார் ராய்க்கும் மௌனகுருவுக்கும் இராமசாமிக்கும் இரண்டும் ஒருங்கே வாய்த்தன. பின்னைய மூவரைப் போன்றோர் தற்செயலாகத் தோன்றும் நிலை மாறி, முறையாகத் தோன்றும் நிலை வர வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் வாத்தியார்க்கு இருக்கை தரவேண்டும்; பேராசிரியர் அரிதாரம் பூச அஞ்சாதிருக்க வேண்டும்; நடிகர் தம் அனுபவத்தை எழுதிவைக்க வேண்டும். சங்க மேடைகளில் ஆண்டுக்கொரு நாடகமேனும் போடும் நம்மைப் போன்றோர்க்கும் இதில் பங்குண்டு. ஒத்திகையை நடத்தும் முதியவர் வீடு திரும்புமுன், அவர் சொன்னதை ஒருவர் குறித்துவைத்துக் கொள்வாராக.