பெட்டிக்கு வெளியே, பெட்டிக்கு உள்ளே

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆடிக் காற்று வீசும்போது தென்னோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். அந்தக் காற்றை எதிர்த்து இரை தேடப் போன தேனீ வெறுங்காலோடு திரும்புகிறது. ஒரு கிழமையில் பெட்டி மெலிகிறது. அடுத்த கிழமை அது காலியாகவும் கிடக்கலாம். ஏன் மெலிந்தது என்ற கேள்விக்குப் புத்தளம் கரை தேடும் விடை ஒன்று, கடலுக்கு அப்பால் குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேடும் விடை வேறொன்று.

இரு இடத்திலும் பெட்டியில் குடியிருப்பது ஏபிஸ் செரானா எனும் நாட்டுத் தேனீதான். மேல்நாட்டு நூல்கள் பேசுவது இத்தாலியத் தேனீயைப் பற்றி. 1960களில் வட இந்தியாவில் கால் ஊன்றியது அது. அந்நூல்கள் முதலில் தேடச் சொல்வது வரோவா உண்ணியை. நாட்டுத் தேனீயோ அந்த உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. ஒன்றை ஒன்று துப்புரவு செய்து அதைக் கடித்து உதறும். ஆனால் பசியோ தொல்லையோ மிஞ்சினால் அது கூண்டோடு குடிபெயர்ந்துவிடும். செத்த உடலைப் பார்த்துக் காரணம் சொல்ல நமக்கு வாய்ப்பில்லை. போகுமுன்னரே கண்டுபிடிக்க வேண்டும்.

சிலாபத்திலிருந்து வடக்கே தென்னந்தோட்டங்கள். தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு பாளை விரிப்பதால் மகரந்தத்துக்கு ஆண்டு முழுதும் பஞ்சமில்லை. அதனால் தேனீக்குக் குறையே இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் உப்பு விளையும் வறண்ட மாதங்களில் மற்றப் பூக்கள் காய்ந்துபோக, மகரந்தம் இருந்தும் தேன் தீர்ந்துவிடுகிறது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் வாசல். காலை பத்து நிமிடம் நின்றால் போதும். பின்னங்காலில் மகரந்தப் பொதியோடு தேனீக்கள் நுழைந்தால் உள்ளே குஞ்சு வளர்கிறது, பெரும்பாலும் ராணி நலமாக இருக்கிறது. பெட்டிக்காலில் எறும்புச் சாரை, வாசலில் குளவி, மேலே கம்பியில் பஞ்சுருட்டான் குருவி என்றால் எதிரி யார் என்பது தெரிந்துவிடும். கற்பிட்டி மணலில் மிளகாயும் வெங்காயமும் மருந்தடித்தே விளைகின்றன. குஞ்சு நிறைந்த பெட்டியில் வேலைத் தேனீ திடீரெனக் குறைந்து, வாசலில் நாக்கு நீட்டிச் செத்தவை குவிந்தால் அது நஞ்சு. இந்தக் கரையின் காரணங்களில் பெரும்பாலானவை பெட்டிக்கு வெளியே இருக்கின்றன.

மார்த்தாண்டத்தின் கண் வேறு விதமாகப் பழகியது. திருச்சிராப்பள்ளிப் பாதிரியார் நியூட்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த பெட்டியும், 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணியும் அங்கே தேனீ வளர்ப்பைக் குடும்பத் தொழிலாக்கின. ரப்பர் தளிரின் இலைக்காம்பில் ஊறும் இனிப்புநீரை நம்பித் தோட்டம் தோட்டமாகப் பெட்டி சுமப்பார்கள். 1976இல் தாய்லாந்தில் அறியப்பட்ட சாக்புரூட் வைரஸ் வகை 1991இல் தென்னிந்தியாவுக்கு வந்தபோது இந்தப் பயணமும் அதற்கு வழிவிட்டது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. அறைக்குள் புழு மல்லாந்து, தலை மேல் நோக்கிப் படகுமுனைபோல் வளைந்து, நீர் நிறைந்த பையாகக் கிடக்கும்; இடுக்கியால் தூக்கினால் முழுதாக வந்துவிடும். கொடிய நாற்றம் இராது. அதைப் பார்த்தவர்கள் வதையைத் தூக்கிப் புழுவைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்வதில்லை. மருந்தில்லாத அந்த நோயிலிருந்து தொழில் மீண்டது, தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கியதால்தான்.

இரு பழக்கத்தின் விலையும் ஒரே அறிகுறியில் தெரியும். குஞ்சு சிதறிக் கிடக்கும் மெலிந்த பெட்டி ஒன்று. 'பசி' என்று முடிவு கட்டிச் சீனிப்பாணி வைத்துவிட்டு, வலுவூட்ட வேறு பெட்டியிலிருந்து குஞ்சு வதையும் எடுத்து வைத்தால், அந்த வதையில் நோய் இருக்குமானால் அதையும் நாமே குடியேற்றுகிறோம். மறுபுறம், ஒவ்வொரு மெலிவிலும் வைரஸைத் தேடி அடிக்கடி பெட்டியைத் திறப்பவர், பசியோடிருக்கும் கூட்டத்தை ஓடத் தூண்டுகிறார். மெழுகுப்பூச்சி விஷயத்தில், அதுவே காரணம் என்று எண்ணி, இரு தரப்பும் ஒரே தவறு செய்கிறோம். தேனீக்கள் மூட முடியாத உபரி வதையில்தான் அது நூலாம்படை கட்டுகிறது. முன்னரே வந்த பலவீனத்துக்கு அது சாட்சி. பூச்சியைக் கொல்வதோடு நிறுத்தாமல் உபரி வதையை எடுத்துவிட்டு, ராணி இருக்கிறதா என்று தேட வேண்டும். ஓர் அறையில் பல முட்டைகள் தாறுமாறாக இருந்தால் ராணி போய், வேலைத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன.

இலங்கை விவசாயத் திணைக்களத்தின் தேனீப் பிரிவு இருப்பது மலைநாட்டில், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவையில். அங்கிருந்து ஒருவர் புத்தளம் வந்து சேருமுன் கூட்டம் பறந்துவிடும். ஆகையால் இந்தக் கரையில் வளர்ப்பவரே வைத்தியராகவும் வேண்டும். வாசலைப் பார்க்கும் நம் பழக்கத்தை விட வேண்டாம். அதோடு மார்த்தாண்டம் பெரும் இழப்பில் கற்றதையும் சேர்த்துக்கொள்வோம்: ஒரு வதையை அடுத்த பெட்டிக்கு மாற்றுமுன், மூடிய அறைகளில் பத்தை ஊசியால் திறந்து புழு எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.