குவியலும் முகமும்

பேரழிவொன்றைக் காட்சிப்படுத்துவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு காவியப் புலவன் அறியாத ஒன்றாகும். புலவன் துன்பத்தைச் சொல்லாற் புனைகின்றான். நூதனசாலையாரோ இறந்தோரின் மெய்யான உடைமைகளையே காண்போர் முன் வைக்கின்றனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஸி ஜேர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஏறத்தாழ 60 இலட்சம் யூதரைக் கொன்றொழித்தனர். அக்கொடுமையை நினைவுகூரும் நூதனசாலைகள் பலவற்றுள், 1993ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் திறக்கப்பட்டது சிறப்பாக ஆராய்தற்குரியது. காட்டத் தகுவது எது, தகாதது எது என்னும் வினாவை அதனை அமைத்தோர் தம்முள் வாதிட்டு முடிவுகட்டினர்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டிற்கு நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைத் தொல்காப்பியர் வகுத்தார். இளிவாவது இகழப்பட்டு எளியராதல். இழவாவது உரியோரையும் உரியனவற்றையும் இழத்தல். அசைவாவது பண்டைய நிலை குலைதல். இழந்தது யாதென அறியாதார்க்கு இழவு புலப்படாது. முன்னைய நிலையைக் காணாதார்க்கு அசைவு விளங்காது. பொருளதிகாரம் செய்யுட்கு வகுத்த இவ்வளவுகோல் காட்சிச்சாலைக்கும் பொருந்துவதே.

அந்நூதனசாலையிற் பெரிதும் பேசப்படுவது காலணிக் குவியல். போலந்திலிருந்த மைதானெக் முகாமிற் பறிக்கப்பட்ட காலணிகளுள் ஏறத்தாழ 4,000 அங்கு வைக்கப்பட்டன. அவற்றைக் கண்டு துணுக்குறாதார் இலர். ஆயினும் அவற்றை முதலிற் குவித்தவர் யாவர்? கொலைஞரே அன்றோ! மனிதரைப் பெயரற்ற பண்டமாக்கிய அவர்தம் கண்ணே அக்குவியலிற் பதிந்து கிடக்கின்றது. தொகை தெரிகின்றது; ஆள் தெரியவில்லை. அழுகைக்குரிய நான்கனுள் இளிவு ஒன்றே அங்குத் தோன்றுவது.

கூந்தலைப் பற்றி எழுந்த வாதம் இதனினும் நுண்ணியது. போலந்தில் 1947ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அவுஷ்விட்ஸ் நூதனசாலையில், கொல்லப்பட்ட பெண்டிரின் தலைமயிர் ஏறத்தாழ இரண்டு தொன் கண்ணாடிக்குப் பின்னே வைக்கப்பட்டது. அத்தகைய கூந்தலை வாஷிங்டனிலும் வைக்க எண்ணியபோது, உயிர்தப்பியோர் சிலர் அது தம் தாயின் கூந்தலாகவும் இருத்தல் கூடும் என்று தடுத்தனர். முடிவில் ஒளிப்படமே வைக்கப்பட்டது. கொலை நிகழ்ந்ததை மறுப்போரும் உளராதலின் சான்றினை ஒளித்தல் தகாது என்பார் கூற்றும் எளிதில் தள்ளற்பாலதன்று. எனினும் கொலை நிகழ்ந்த நிலத்தில் அக்கூந்தல் சான்று. கடல் கடந்து கொண்டுசெல்லப்படின் அது காட்சிப்பொருள். உடலின் கூறு உடைமையாகாது. ஆதலின் வாஷிங்டன் முடிவே அறத்தொடு பட்டது.

அவ்வாறாயின் இழவை உணர்த்துவது யாங்ஙனம்? முகங்களின் கோபுரம் என்னும் பகுதி இதற்கு விடையாகும். இன்றைய லித்துவேனியாவிலுள்ள எய்ஷிஷோக் என்னும் சிற்றூரின் யூதர்கள் 1941ஆம் ஆண்டு செப்டெம்பரில் இரண்டே நாள்களிற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வூரிற் பிறந்து சிறுமியாக உயிர்தப்பிய வரலாற்றாசிரியை யாபா எலியாக் பல நாடுகளிலும் தேடித் திரட்டிய ஒளிப்படங்கள் உயர்ந்த சுவர்களை நிறைத்துள்ளன. மணக்கோலம், பள்ளிச் சிறார், ஆற்றங்கரை விளையாட்டு, முதியோரின் பெருமிதம் ஆகியன அங்குள. பிணம் ஒன்றேனும் இல்லை. காண்போர் அக்கோபுரத்தை இருமுறை கடக்கின்றனர். முதன்முறை வாழ்வைக் கண்டவர், மறுமுறை அவ்வூரின் முடிவை அறிந்து அதே முகங்களை நோக்குகின்றனர். முகம் மாறவில்லை, காண்பவர் நெஞ்சமே மாறிற்று. இழவும் அசைவும் ஒருங்கே புலப்படுவது இங்கேயாம்.

தப்பியோடியோர் வரலாற்றைக் காட்டும் பகுதியிலும் ஓர் இடர் உண்டு. 1943ஆம் ஆண்டு ஒக்டோபரில் டென்மார்க் மக்கள் ஏறத்தாழ 7,200 யூதரைச் சுவீடனுக்குக் கடல்வழி அனுப்பிக் காத்தனர். மீனவருட் கூலி பெற்றோரும் உளர். எனினும் படகு செலுத்தினர். அப்பணிக்குதவிய மீன்பிடிப் படகொன்று அங்கு வைக்கப்பட்டது. அதனைக் கண்டு காண்போர் ஆறுதலுறுவர். அவ்வாறுதல் மிகுமாயின் பொய்யாகும். 1939ஆம் ஆண்டில் 937 பயணிகளுடன் சென்ற ‘சென்ற் லூயிஸ்’ கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் ஏற்க மறுத்தன. ஐரோப்பாவிற்கு மீண்ட அவர்களுள் 254 பேர் பின்னர் மாண்டனர். படகையும் அக்கப்பலையும் ஒருசேர எண்ணுவோர்க்கே படகின் பொருள் முற்றும் விளங்கும். காத்தல் இயலாததன்று, பலர் அதனை விரும்பவில்லை என்பதே அப்பொருள்.

ஆகவே இத்தகைய காட்சிச்சாலையின் தரத்தை அது எழுப்பும் திகிலைக்கொண்டு அளத்தல் பிழையாம். குவியல் கொலையின் அளவைக் கூறும். முகமோ கொல்லப்பட்டவர் மனிதர் என்பதைக் கூறும். பின்னதைக் கூறாத சாலை, எத்துணைச் சான்றுகளைத் திரட்டினும், கொலைஞர் எழுதிய கணக்கையே மீள எழுதியதாகும்.