ஆங்கில வகுப்பில் தாய்மொழி: தமிழ்ப்பள்ளிச் சூழலில் ஒரு மறுபார்வை

முன்னுரை

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் பயிலும் மாணவருக்கு ஆங்கிலம் எத்தனையாவது மொழி? கல்விக் கொள்கை அதனை இரண்டாம் மொழி என்கிறது. தமிழைப் பயிற்றுமொழியாகவும் மலாயைத் தேசிய மொழியாகவும் கற்கும் மாணவருக்கோ அது மூன்றாம் மொழியாகும். வீட்டிலும் வட்டாரத்திலும் ஆங்கிலம் புழங்காத மாணவருக்கு அது ஏறத்தாழ அயல்மொழியே. இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுவதில்லை. கற்பிக்கும் முறையும் பயிற்றுத் துணைப்பொருள்களும் இதனைப் பொறுத்தே அமைய வேண்டும். இம்மாணவர் வகுப்பிற்குக் கொண்டுவரும் முதன்மையான வளம் அவருடைய தமிழறிவு. அதனை ஆங்கில வகுப்பின் வாயிலிலேயே நிறுத்திவிடுவது தகுமா என்பதை இக்கட்டுரை ஆராய முனைகிறது.

‘ஆங்கிலம் மட்டும்’ என்னும் கொள்கை

ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்பதைப் பலர் ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே கருதுகின்றனர். இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1961இல் உகாண்டாவின் மக்கெரெரேயில் நடைபெற்ற காமன்வெல்த் மாநாட்டை ஆராய்ந்த ராபர்ட் பிலிப்சன், மொழிப் பேராதிக்கம் குறித்து 1992இல் வெளியிட்ட தம் நூலில், அங்கு வேரூன்றிய ஐந்து நம்பிக்கைகளைச் சுட்டுகிறார். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியே மட்டும் கற்பிக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே சிறந்த ஆசிரியர். எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று. எவ்வளவு மிகுதியாகக் கற்பிக்கிறோமோ அவ்வளவு நன்று. பிற மொழிகள் மிகுந்தால் ஆங்கிலத் தரம் தாழும். இவ்வைந்தையும் பிழையான எண்ணங்கள் என்றே அவர் மறுக்கிறார்.

இவற்றின் சாயலை நம் நாட்டிலும் காணலாம். 2003இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தமிழ்ப்பள்ளிகளிலும் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தோடு கழியும் நேரத்தைப் பெருக்கினால் ஆங்கிலம் வளரும் என்னும் எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. அத்திட்டத்தைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2016இல் அறிமுகமான இருமொழித் திட்டம் அதே விவாதத்தை மீண்டும் எழுப்பியது.

பாடநூலும் சூழலும்

ஆங்கிலக் கல்விச் சீர்திருத்தத்திற்கான 2015–2025 செயல்திட்டம் ஐரோப்பியப் பொது மொழித்தகுதிச் சட்டகத்தைத் தழுவியது. அதன் தொடர்ச்சியாகக் கேம்பிரிட்ஜ் பதிப்பகத்தின் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ போன்ற அயல்நாட்டு நூல்கள் தொடக்கப்பள்ளிக்குள் வந்தன. இந்நூல்களின் தரத்தைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. உலகச் சந்தைக்கென உருவாக்கப்படும் நூல் எந்தத் தாய்மொழியையும் முன்னிறுத்த இயலாது. அதனால் ஒவ்வொரு மாணவரையும் முன்மொழி அறிவற்றவராகக் கொண்டே அது தொடங்குகிறது.

மாற்று வழிக்கு எடுத்துக்காட்டும் உண்டு. பிற்காலத்தில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகளில் ஒரு கற்பித்தல் திட்டத்தை நடத்தினார். இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்ற பொருள்களைக் கொண்டு மாணவரைச் சிந்திக்கத் தூண்டும் பணிகளே அங்குப் பாடமாயின. உலகம் இன்று பணிவழிக் கற்பித்தல் எனப் போற்றும் முறைக்கு இத்தென்னிந்திய வகுப்பறைகளும் வித்திட்டன. கைக்கெட்டும் பொருளே பயிற்றுத் துணையாகலாம் எனில், நாவிலிருக்கும் மொழி ஏன் ஆகாது?

வேற்றுமை உருபு காட்டும் வழி

தமிழ் மாணவர் இடர்ப்படும் இடங்களுள் ஒன்று ‘எ’, ‘த’ என்னும் ஆங்கிலச் சுட்டிடைச் சொற்கள். தமிழில் ‘த’ என்பதற்கு நேரான சொல் இல்லை. ஆயினும், அது உணர்த்தும் பொருள் வேறுபாடு தமிழில் உண்டு. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஏழு வயது மாணவரும் உணர்வார். முன்னது ஏதோ ஒரு புத்தகம். பின்னது கேட்பவருக்கும் தெரிந்த புத்தகம். ‘ஐ பாட் எ புக்’, ‘ஐ பாட் த புக்’ என்னும் தொடர்களின் வேறுபாடும் இதுவே. முன்னதை நம் இலக்கணம் இரண்டாம் வேற்றுமைத் தொகை என்கிறது. இரண்டாம் வேற்றுமை உருபின் பின் வலிமிகும் என்று அதே பள்ளியில், அடுத்த பாடவேளையில், அதே மாணவர் கற்கிறார். இவ்விரு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு மலாயில் ‘கித்தா’, ‘காமி’ என நிற்கிறது. ஆங்கிலத்திலோ ‘வி’ ஒன்றே. ‘எனக்குக் காய்ச்சல்’, ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘என்னிடம் பணம் இருக்கிறது’ ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ‘ஹேவ்’ என்னும் ஒரே வினையில் அடக்கும். இவ்வாறு ஒப்பிட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.

மறுப்பும் எல்லையும்

இதற்கு மறுப்பு எழலாம். ஆசிரியர் தமிழிலேயே விளக்கிக்கொண்டிருந்தால் மாணவர் ஆங்கிலத்தைக் கேட்பது எப்போது? இவ்வச்சம் நியாயமானது. பத்தியை வரிக்கு வரி மொழிபெயர்க்கும் பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒப்பீட்டிற்கும் எல்லையுண்டு. ‘ஆசிரியரைப் பார்த்தேன்’ என்பதில் உயர்திணைப் பெயர் உருபை ஏற்றே வரும். ‘கதவு திறந்திருக்கிறது’ என்பதில் எழுவாய்க்கு உருபே இல்லை. இவ்விடங்களில் உருபு ‘த’விற்கு வழிகாட்டாது. மேலும், பல மொழியினர் கூடிப் பயிலும் தேசியப்பள்ளிக்கு இம்முறை பொருந்தாது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் ஒரே மொழியைப் பகிர்வதால் அங்கு இது இயலும்.

முடிவுரை

தாய்மொழியை விலக்கும் வகுப்பு மாணவருக்குச் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்றுண்டு: நீ அறிந்தது இங்குப் பயன்படாது என்பதே அது. ஏழு வயதில் அச்செய்தியைப் பெறுபவர் ஆங்கிலத்தின்பால் அச்சத்தையும் தமிழின்பால் தாழ்வெண்ணத்தையும் ஒருங்கே வளர்த்துக்கொள்ளக்கூடும். எனவே, அயல்நாட்டு நூலோடு தமிழ்–ஆங்கில ஒப்பீட்டுக் கையேடு ஒன்றும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தேவை. அதனை எழுதித் தரும் பொறுப்பு வெளிநாட்டுப் பதிப்பகத்தைச் சார்ந்ததன்று. இரு மொழி இலக்கணத்தையும் அறிந்த இந்நாட்டு ஆசிரியர்களையும் தமிழாய்வுத் துறைகளையுமே சாரும்.