ரிவால்வர் தோட்டாவுக்கு எந்த ட்ரிம்மர்?

அமெரிக்காவில் சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல், புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி தோட்டாவாக்குகிறவர்கள் ஏராளம். சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசு அதற்கு லைசென்ஸ் கேட்பதில்லை. இந்த ரீலோடிங் வேலைக்கு வாங்கும் சாமான்களில் புதியவர்களை அதிகம் குழப்புவது, கூட்டின் வாயைச் சீவி நீளத்தைச் சரிசெய்யும் ட்ரிம்மர். சந்தையில் கிடைக்கும் ட்ரிம்மர்களும் அவற்றுக்குக் கிடைக்கும் பாராட்டுகளும் பெரும்பாலும் ரைஃபிள்காரர்களை வைத்து உண்டானவை. ரிவால்வர்காரர் பார்க்க வேண்டியது வேகத்தையும் அல்ல, விலையையும் அல்ல. கருவி நீளத்தை எந்த இடத்திலிருந்து அளக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான ரைஃபிள் கூடுகளுக்குக் கழுத்தும் தோளும் உண்டு. சுடச்சுடப் பித்தளை முன்னோக்கி நீண்டு, அளவு மீறினால் அழுத்தம் ஆபத்தான நிலைக்குப் போகும். அங்கே ட்ரிம் செய்வது பாதுகாப்புக்காக. ரிவால்வர் கூடு நேர்ச்சுவர் கொண்டது. பெரிதாக நீளாது, சில சமயம் குறையவும் செய்யும். தோட்டா சிலிண்டரில் நிற்பதும் அடிவிளிம்பின் பலத்தில்தான், வாயின் பலத்தில் அல்ல. அப்படியானால் எதற்குச் சீவ வேண்டும்? கிரிம்புக்காக, அதாவது குண்டை இறுக்கிப் பிடிக்கும் வாய் மடிப்புக்காக. கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் உருட்டி மடிக்கும் டை, பிரஸ்ஸில் ஒரே உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. கூடு நீளமாக இருந்தால் மடிப்பு அளவுக்கு மீறி விழுந்து வாய்க்குக் கீழே பித்தளை புடைக்கும். அந்தத் தோட்டா சிலிண்டருக்குள் முழுதாக இறங்காது. குட்டையாக இருந்தால் மடிப்பு பட்டும் படாமல் நிற்கும். .44 மேக்னம் போன்ற தோட்டாவில் அடுத்தடுத்து வரும் உதைப்பில், சுடப்படாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அதோடு சிலிண்டர் சுற்றாமல் நின்றுவிடும்.

ரிவால்வர் கூட்டை ட்ரிம் செய்வதே வீண் வேலை என்று அனுபவசாலிகள் பலர் சொல்வார்கள். .38 ஸ்பெஷலில் லேசான மருந்து வைத்து அட்டையில் துளையிடும் பயிற்சிக்கு அவர்கள் சொல்வது முற்றிலும் சரி. வாயை மென்மையாக இறுக்கும் டேப்பர் கிரிம்ப் அங்கே போதும். நீளம் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடினாலும் குறைந்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக எரியும் மருந்தும் கனமான குண்டும் சேரும் மேக்னம் தோட்டாவுக்கு உறுதியான உருட்டு மடிப்பு வேண்டும். குண்டைப் பிடித்து நிறுத்துவதற்கும், மருந்து சீராகப் பற்றி எரிவதற்கும் அதுவே துணை. எல்மர் கீத் வடிவமைத்த ஈயக் குண்டுகளில் கிரிம்புக்கென்று ஆழமான பள்ளம் இருப்பதும் இதனால்தான். ஆகவே வேலை வீண் அல்ல. கூட்டின் ஆயுளில் பெரும்பாலும் ஒரே ஒரு முறை, முதல் தடவை நிரப்பும்போது செய்தால் போதும்.

இனி கருவிகள். மோட்டாரில் ஓடும் வேகமான ட்ரிம்மர்களில் பல, கூட்டின் தோளில் முட்டி அளவெடுப்பவை. தோளே இல்லாத ரிவால்வர் கூட்டுக்கு அவை உதவாது. அடுத்தது கைப்பிடி சுற்றும் லேத் வகை: லைமன், ஃபார்ஸ்டர், ஆர்சிபிஎஸ் எல்லாம் இந்த வரிசை. பின்புறம் அடிவிளிம்பைப் பிடிக்கும் பிடி, முன்புறம் வாய்க்குள் நுழையும் பைலட், அதைச் சுற்றிக் கத்தி. ஃபார்ஸ்டரில் விளிம்பைக் கவ்வுவது காலெட். விளிம்பின் விட்டமும் கனமும் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும். அதற்கேற்பக் கூடு உட்காரும் இடமும் முன்னே பின்னே நகரும். ஒரே முத்திரை உள்ள கூடுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு சீவினால் இந்தக் குறை பெரிதும் அடங்கும். வில்சன் ட்ரிம்மரோ கூட்டின் உடலைப் பிடித்து, அடிப்பாகத்தைப் பின்னாலிருக்கும் திருகில் முட்டவைத்து அளக்கிறது.

லீ கம்பெனியின் மலிவான ட்ரிம்மரும் அளவை அடிப்பாகத்திலிருந்துதான் எடுக்கிறது. ஒரு கத்தி, அதில் திருகும் நீளமான ஊசி, கூட்டைப் பூட்டும் சிறு பிடி, அவ்வளவுதான். பழைய பிரைமரை எடுத்த கூட்டுக்குள் ஊசி இறங்கி, பிரைமர் துளை வழியாக அடியில் உள்ள பூட்டுக் கட்டையைத் தொட்டதும் கத்தி மேற்கொண்டு வெட்டாது. கிரிம்ப் டையிலும் கூட்டை அடியிலிருந்துதான் பிரஸ் மேலே தள்ளுகிறது. சீவும்போதும் மடிக்கும்போதும் அளவு ஒரே இடத்திலிருந்து தொடங்குவதுதான் இதன் பலம்.

அந்த ஊசியின் நீளம் மாறாதே என்ற ஆட்சேபம் நியாயமானது. .357 மேக்னம் கூடு அதிகபட்சம் 1.290 அங்குலம், .38 ஸ்பெஷல் 1.155, இரண்டுக்கும் தனித்தனி ஊசி வாங்க வேண்டும். ஊசியின் அளவைவிடக் கூடுகள் ஏற்கெனவே குட்டையாக இருந்தால் கத்தி பித்தளையைத் தொடவே தொடாது. ஊசி நுனியை அரத்தால் துளித்துளியாகத் தேய்த்து, காலிப்பரில் அளந்து, கையிலுள்ள கூடுகளில் மிகக் குட்டையானதன் அளவுக்குக் கொண்டுவரலாம். அடிவிளிம்பில் நிற்கும் தோட்டா என்பதால் ஆயிரத்தில் சில பங்கு குறைவதால் கெடுதல் இல்லை. ஆனால் தேய்த்ததை மீட்க முடியாது. அந்த ஊசி அந்தக் கூடுகளுக்கே சொந்தமாகிவிடும்.

எந்தக் கருவியானாலும், சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கும் சைஸிங் டையில் போட்டு எடுத்த பிறகே சீவுங்கள். சீவியதும் வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்துவிட்டு, அதன் பிறகு வாயை விரியுங்கள். ஒன்றிரண்டு காலிபர் மட்டும் நிரப்புகிறவர் லீயையே வாங்கலாம். .38 முதல் .45 கோல்ட் வரை பலவற்றை நிரப்புகிறவருக்கு, நீளத்தை விரும்பியபடி மாற்றக்கூடிய வில்சனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தகும். மோட்டார் ட்ரிம்மரை ரைஃபிள்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.