கைநாட்டும் கவிதையும்

"வீட்டுப் பரணிலே கிடக்கும் பழந்தாள் எதுவாயினும் சரி, கொண்டு வாருங்கள்" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் சொன்னேன். மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டிச் சாலையிலே உள்ள பள்ளி. மறுவாரம் மேசை நிறைந்துவிட்டது. அடமானப் பத்திரம் வந்தது; கடல் கடந்து பிழைக்கப் போனவர் எழுதிய கடிதம் வந்தது; மஞ்சளும் குங்குமமும் அப்பி, எழுத்தே கண்ணுக்குத் தெரியாதபடி ஆகிவிட்ட ஓலைச்சுவடி ஒன்றும் வந்தது. ஒரு மாணவன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். இரண்டு நாள் கழித்து அவனுடைய தாத்தா வந்தார், மடியிலே ஒரு தாளோடு.

மங்கிய அச்சுத்தாள். கோடிட்ட இடங்களிலே ஒரு பெயர், தகப்பன் பெயர், ஊர், போகுமிடம், திரும்பவேண்டிய நாள். அடியிலே மையில் தோய்த்துப் பதித்த ஒரு பெருவிரல்.

"இது எங்கப்பன் சீட்டு, தாயி. வெளியூர் போகணும்னா இதை வாங்கிக்கிட்டுத்தேன் போகணும். வர்ற போகிக்குக் கொளுத்திப்புடலாம்னு இருக்கேன். இதைப் போயி பொக்கிசம்ங்கிறீகளே!"

என்ன விடை சொல்வது? மாணவருக்குச் 'செல்வம்' என்று எதைச் சுட்டிக் காட்டினேனோ, அது அந்தப் பெரியவர் வீட்டிலே வடுவாகக் கிடந்திருக்கிறது.

தோழர்களே! குற்றப் பரம்பரைச் சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். 1871இல் வடபுலத்திலே பிறந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்ட சட்டம் அது. களவு செய்தவனைத் தண்டிக்க நாட்டிலே வேறு சட்டம் இருந்தது. இதுவோ, இன்ன குலத்திலே பிறந்தான் என்பதற்காகவே ஒருவனைக் கள்வன் என்று எழுதி வைக்க வந்த சட்டம். மனுவின் நூலுக்கு வெள்ளைக்காரன் எழுதிய பிற்சேர்க்கை என்றால் மிகையாகுமா? பெயரைப் பதி, விரலைப் பதி, குறித்த வேளையிலே ஆசர் கொடு, ஊர்விட்டு ஊர் போகச் சீட்டு வாங்கு என்றது. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரிலே 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாண்டவர் 16 பேர். மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களுள் ஒருவர். 1947இல் சென்னை மாகாணத்திலே சட்டம் நீங்கியது. அதன் கட்டளைத் தாள்களோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலே பத்திரமாக இருக்கின்றன.

ஆள்வோன் எழுதியதற்கு இரும்பு அலமாரி இருக்கிறது. ஆளப்பட்டவன் பேசியதற்கு? பிறமலைக் கள்ளர் வாழ்வைப் பற்றி விரிவான நூலொன்று வேண்டுமென்று தேடினால், லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இப்பக்கம் வந்து தங்கி ஆய்ந்து, 1957இல் தம் மொழியிலே வெளியிட்டது கைக்கு வருகிறது. ஆங்கிலத்திலே அது வர 1986 ஆயிற்று. அவரைக் குறை கூறவில்லை. வந்தார், கேட்டார், எழுதினார். உள்ளூரிலே கல்லூரி கண்டவர்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதே என் கேள்வி.

இந்த இடத்திலே புறநானூற்றை நினைக்கிறேன். தொகை நூல் என்பதும் ஒரு காப்பகந்தானே! யாரோ தேடினார்கள், திரட்டினார்கள், பாடியவர் பெயரை அடியிலே குறித்தார்கள். அந்தத் தொகையிலே 157ஆம் பாட்டைப் பாடியவர் யார்? குறமகள் இளவெயினி. ஏறைக் கோனைப் பாடிய குறக்குடிப் பெண். அரசனின் பாட்டுக்கும் அவள் பாட்டுக்கும் ஒரே ஏடுதான். சங்க காலம் பொற்காலம் என்று கூத்தாட நான் வரவில்லை. அக்காலத்திலும் மேல் கீழ் இருந்தது. ஆனால் தொகுத்தவன் குறமகளின் பெயரையும் பாட்டையும் வைத்தான். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு கழிந்து வந்த ஆட்சியோ குறவரையும் அதே குற்றப் பட்டியலிலே சேர்த்து, ரேகையை வாங்கி வைத்தது. எது காப்பகம், எது கண்காணிப்பு என்பதற்கு இதைவிட வேறு உரைகல் எனக்குத் தெரியவில்லை. கீழடியிலே பானை ஓட்டிலே ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறியிருக்கிறார்களே, அந்தக் கீறலுக்கு இருக்கும் மானம் அந்த அச்சுத்தாளின் மைக்கு இல்லை.

மேசைமீது வந்த குங்கும ஏட்டையும் மறக்கலாகாது. ஆண்டுக்கொரு முறை எடுத்து, பொட்டிட்டு, கும்பிட்டு, மறுபடி பரணிலே போடுவார்களாம். அதிலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மூன்று தலைமுறையாக எவரும் படிக்கவில்லை! உ. வே. சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போனபோது, பழுதான சுவடிகளை நெய்யிலே தோய்த்து ஓமத்தீயிலே இட்டுவிட்டதாகச் சொன்னார்கள்; ஆகமம் அப்படிக் கூறுகிறது என்று காரணமும் காட்டினார்கள். அந்தக் கொடுமையை அவரே எழுதி வைத்திருக்கிறார். கும்பிடுவோர் கையிலும் தமிழ் வெந்தது என்பதற்குப் பகுத்தறிவாளர் யாரும் சான்று கூற வேண்டியதில்லை, ஐயரே கூறிவிட்டார். எஞ்சியதைக் காத்த அவரையும், 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரையும் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் அன்றைய புலவர் உலகு தேடியது யாப்பும் அணியும் அமைந்த ஏடுகளை. வண்டிக்காரன் பாட்டும் ஒப்பாரியும் அவர்கள் பட்டியலிலே இடம் பெறவில்லை.

கான்சாகிபு கதையைப் பாருங்கள். கும்பினிக்குப் படைத்தலைவனாயிருந்து, பிறகு எதிர்த்து நின்று, 1764இல் இதே மதுரையிலே தூக்கிலிடப்பட்டவன் அவன். கும்பினியார் கடிதங்களிலே அவன் துரோகி. மக்கள் பாடிய கதைப்பாடலிலே அவன் வீரன். கடிதங்கள் கணக்கு வழக்கோடு காக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு 1914இல் ஹில் என்பவர் ஆங்கிலத்திலே வரலாறும் எழுதினார். பாட்டோ பாடுவோர் நாவிலும் மலிவான காகிதத்திலும் அலைந்தது. 1970களின் தொடக்கத்திலேதான் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் அதை நூலாக்கிற்று. பாட்டிலே கற்பனை உண்டு, மிகை உண்டு, நாள் குழப்பமும் உண்டு. கடிதத்திலே மட்டும் பொய் இல்லையா? இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடிந்தபோதுதான் அந்த மனிதன் எழுந்து நிற்கிறான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்குப் பட்டம் எதுவும் இல்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். புலவர் ஒதுக்கிய பாட்டுப் புத்தகத்தையும், நாடக நோட்டீசையும், அழைப்பிதழையும் விடாமல் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி! 1992இல் அவர் மறைந்த பிறகு, 1994இல் அந்தத் திரட்டை விலைகொடுத்து வாங்கியது எது தெரியுமா? சிகாகோப் பல்கலைக்கழகம். கப்பலேறாமல் அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது என்பது நமக்கு ஆறுதல். பெருமை கொள்ள நமக்கு உரிமை எவ்வளவு என்பது வேறு கேள்வி.

இப்போது 'பாரம்பரியம்' என்ற சொல் சந்தைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு சாதிச் சங்கமும் ஒரு வரலாற்று மலர் போடுகிறது. திறந்தால் எல்லோருமே மன்னர் வழி. குடியானவன் ஒருவன்கூட இந்நாட்டிலே பிறந்ததில்லை போலும்! முதல் மரியாதை பெற்ற பட்டயம் வண்ணப் படமாக வரும், சீட்டு வராது. அந்த முதல் மரியாதை நடந்த நாளிலே தெருக்கோடியிலே நிறுத்தப்பட்டவன் யார் என்பதும் வராது. ஒரு குடும்பம் தன் இழிவை மறைத்தால் அதன் வலி எனக்குப் புரிகிறது. அடுத்தவனுக்குச் செய்த இழிவையும் சேர்த்து மறைத்து, அதற்கு மரபு என்று பெயரிடும்போதுதான் சினம் வருகிறது.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. எரிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேல அச்சடிச்சிருக்குல்ல சட்டத்துப் பேரு, அதை மட்டும் மையை வச்சு அடிச்சுட்டு வைக்கலாமா தாயி?" என்றார்.

அடிக்கக் கூடாது என்றேன். அடித்துவிட்டால் நாளைக்கு ஒருவன் வந்து, அப்படி ஒரு சட்டமே இருந்ததில்லை என்பான். வேறு தாளிலே, உங்கள் அப்பா யார், என்ன பயிரிட்டார், எந்தச் சந்தைக்குப் போகச் சீட்டு வாங்கினார், யாரிடம் வாங்கினார் என்று நீங்கள் சொல்லச் சொல்லப் பேரன் எழுதட்டும். இரண்டையும் ஒரே உறையிலே வைக்கலாம். மூலம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், எங்களுக்குப் படி போதும்.

அடுத்த சனிக்கிழமை அவர் சொன்னார், பையன் எழுதினான், ஒன்பது பக்கம். அப்பனுக்குத் தெம்மாங்கு பாட வருமாம். நான்கு பாட்டு நினைவிலிருந்து வந்தது. பாடியவர் பெயரை எங்கே எழுதுவது என்று பையன் கேட்டான். பாட்டின் அடியிலே என்றேன். சீட்டை மடித்து மடியிலே வைத்துக்கொண்டு, தம்பிமாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று பெரியவர் போயிருக்கிறார்.