கேரியரும் ஊமைப் பலகையும்

கார் உதிரி அலங்காரக் கடைகளில் இப்போது கூரைக் கேரியர் வாங்கினால் கூடவே ஒரு பலகையையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். முன்கண்ணாடிக்கு மேலே, கேரியரின் முதல் குழாயை ஒட்டிச் சாய்வாக நிற்கும் கறுப்புத் தகடு. டிஃப்ளெக்டர் என்று பெயர். காற்றை மேலே தூக்கிவிடுமாம், மைலேஜ் அடிபடாதாம். திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்த ஒரு வாடகைக் காரில் இதன் புகழை வழிநெடுகக் கேட்டேன். “முன்னெல்லாம் எழுபதைத் தாண்டினாலே ஊளையிடும் சார். இப்ப பாருங்க, சத்தமே இல்லை. காத்து வழுக்கிக்கிட்டுப் போயிடுது” என்றார் ஓட்டுநர். சத்தம் இல்லை என்பது உண்மை. காற்று வழுக்கிக்கொண்டு போகிறது என்பதில்தான் எனக்குத் தகராறு.

கேரியரின் காற்றுத்தடையைக் குறைக்க முடியாது என்று சொல்லவில்லை. உருண்டைக் குழாய்க்குப் பதிலாக விமான இறக்கையின் வெட்டுமுகம் கொண்ட தண்டைப் போட்டால் தடை பெருமளவு குறையும். அதே பருமனுள்ள உருண்டைக் கம்பி, இறக்கை வடிவத் தண்டைப்போலப் பத்து மடங்கு காற்றைப் பிடித்து இழுக்கும் என்பது பழைய இருதளச் சிறகு விமானக் காலத்துப் பாடம். சுமையைத் தாழ்வாக அடுக்குவதும், தார்ப்பாயைப் படபடக்காமல் இழுத்துக் கட்டுவதும் பயன் தரும். இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை பலகையோடு.

ஊளை எங்கிருந்து வருகிறது? உருண்டைக் குழாயைக் கடக்கும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில், இரண்டரை சென்டிமீட்டர் குழாயின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நொடிக்கு ஏறக்குறைய 200 சுழல்கள். தாளம் தவறாத அந்த உதிர்வுதான் நம் காதில் ஊளையாக விழுகிறது. தாளத்தைக் கலைத்தால் ஊளை அடங்கும்; பலகை செய்வது அதைத்தான். தடை அடங்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. கைக்காசு செலவழிக்க மனமில்லாத ஓட்டுநர்கள் குழாயில் கயிற்றைத் திருகுசுருளாகச் சுற்றுவார்கள். அதுவும் ஊளையை அடக்கும். இதே வேலையைத் தொழிற்சாலைப் புகைபோக்கிகளின் மேற்பகுதியில் சுருண்டேறும் தகடுகள் செய்கின்றன. 1950களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டனும் வால்ஷும் கண்ட உபாயம் அது. புகைபோக்கி காற்றில் ஆடாமல் நிற்கும். ஆனால் அதன்மீது காற்றின் அழுத்தம் கூடிவிடும். பொறியாளர்கள் அதையும் கணக்கில் சேர்த்தே கட்டுகிறார்கள். நம் கடைக்காரர் மட்டும் ஊளை நின்றதைக் காட்டி டீசல் மிச்சம் என்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு. 1.1 மீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் காற்றுக்குக் காட்டும் முகம் 0.055 சதுர மீட்டர். உருண்டை வடிவம் காற்றைப் பிடிக்கும் அளவை, அதாவது தடைக்கெழுவை, 1.2 என்று வைத்துப் பெருக்கினால் 0.066. சின்னக் காரின் மொத்தத் தடையை இதே முறையில் பெருக்கினால் 0.66 அளவில் வரும். வெறும் இரண்டு குழாய்க்கே பத்தில் ஒரு பங்கு! நம்மூர்க் கேரியரோ குறுக்குச் சட்டமும் சுற்றுக்கம்பியுமாக ஒரு கட்டில். இனி பலகை. ஒரு மீட்டர் அகலம், பதினைந்து சென்டிமீட்டர் உயரம் என்றால் அதன் முகம் 0.15 சதுர மீட்டர். குழாய்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. சாய்ந்து நிற்பதற்குச் சலுகை கொடுத்து, கெழுவைத் தாராளமாக 0.5 என்று குறைத்தாலும் 0.075 வருகிறது. முன்குழாய் அதன் மறைவில் ஒதுங்கிக்கொள்வது நிஜம். ஆனால் ஒதுங்க இடம் கொடுத்ததற்கான வாடகை குழாயின் விலையைவிட அதிகம்.

லாரியின் கூரைப் பலகையைக் காட்டி வாதாடுகிறார்கள். லாரிக்கு அது பொருந்தும். கேபினைவிட உயர்ந்த பெட்டி ஒன்று எந்நேரமும் பின்னால் செங்குத்தாக நிற்கிறது. காற்றை அதன் தலைக்கு மேல் ஏற்றிவிடுவதில் அர்த்தம் உண்டு. காரின் கேரியரில் அப்படி என்ன நிற்கிறது? சபரிமலைக்கு ஒரு தடவை, குலதெய்வம் கோயிலுக்கு ஒரு தடவை, வீடு மாற்றினால் மெத்தை ஒன்று. மற்ற நாளெல்லாம் பலகை காக்கிற சுமை வெறும் காற்று.

இதைவிட எனக்குக் கோபம் வருவது இன்னொரு காரணத்தால். கேரியரைக் கழற்று என்று நினைவூட்டிக்கொண்டிருந்தது அந்த ஊளை ஒன்றுதான். பலகை அதன் வாயை அடைத்துவிட்டது. இனி அந்த இரும்பு வருடம் முழுக்கக் கூரையிலேயே கிடக்கும். அண்ணாநகருக்குள் சுற்றுகிறவருக்குப் பெரிய நட்டமில்லை. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும் என்பதால் நட்டமெல்லாம் நான்குவழிச் சாலையில் ஓடுகிறவருக்கே. அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீட்டின்படி, கூரையில் பெரிய மழுங்கல் பெட்டி வைத்தால் நகரத்துக்குள் 2 முதல் 8 சதவீதம் மைலேஜ் குறைகிறது. மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதம். அதே சுமையைக் காரின் பின்புறம் மாட்டினால் நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதம்தான். டிக்கி இருக்கும்போது கூரைக்கு ஏன் ஏற வேண்டும் என்று இதற்கு மேலா ஒருவர் சொல்ல வேண்டும்?

பலகைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பன்னிரண்டு-பதின்மூன்று ஸ்பானர் வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும் அன்றைக்கே கேரியரையும் கழற்றி மொட்டை மாடியில் சாத்திவிடுங்கள்.